லெந்து நாட்களும் எங்கள் பள்ளிக்கூடமும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருநெல்வேலி மாவட்டம் வள்ளியூர்ப் பக்கத்தில், அரசு உதவி பெறும் ஒரு லுத்தரன் (மார்ட்டின் லுத்தர் வழி வந்த சபை) தொடக்கப்பள்ளியில் பல வருஷங்களாக வேலை பார்க்கிறேன். பிப்ரவரி பிறந்துவிட்டால் பள்ளிவாசல் வேப்பமரத்தடியில் ஒரே கேள்விகள்தான். பிள்ளையைக் கொண்டுவிட வரும் தாய்மார் கேட்பார்கள். சைக்கிளில் கூட்டிப்போக வரும் தாத்தாக்கள் கேட்பார்கள். சத்துணவு அமைப்பாளர்கூடக் கேட்டிருக்கிறார். நான் ஒருவருக்குச் சொன்ன பதில் தெரு முனை தாண்டுவதற்குள் வேறு பதிலாகிவிடுகிறது. அதனால் எழுதிவைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

டீச்சர், லெந்து என்றால் என்ன? உவரியில் தவக்காலம் என்கிறார்களே, அது வேறா?

ஒன்றுதான். ஈஸ்டருக்கு முன்னால் இயேசுவின் பாடுகளை, அதாவது அவர் பட்ட துன்பங்களை, நினைத்துக் கழிக்கும் நாட்கள். கத்தோலிக்கர் தவக்காலம் என்கிறார்கள், நாங்களும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையாரும் லெந்து என்கிறோம். சாம்பல் புதனில் தொடங்கி ஈஸ்டருக்கு முந்திய சனிக்கிழமையோடு முடியும்.

லெந்து என்பது வேதப் புத்தகத்தில் உள்ள சொல் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஆங்கிலத்தில் வசந்த காலத்துக்கு இருந்த பழைய பெயர் அது. பகல் நீள்கிற காலம் என்பது கருத்து. அந்த நாடுகளில் பனி உருகும்போது வருவது, நம் ஊரில் பனையேறிகள் பாளை சீவும்போது வருகிறது.

நாற்பது நாள் என்கிறீர்கள். காலண்டரில் எண்ணினால் நாற்பத்தாறு வருகிறதே?

சரியாகத்தான் எண்ணியிருக்கிறீர்கள். நடுவில் வரும் ஆறு ஞாயிற்றுக்கிழமைகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. எந்த ஞாயிறும் உயிர்த்தெழுந்த நாளின் நினைவு என்பதால் அது துக்க நாளாகாது. இயேசு வனாந்தரத்தில் உபவாசம் இருந்த நாற்பது நாளை ஒட்டி வந்த எண்ணிக்கை இது. ஐந்தாம் வகுப்பில் கழித்தல் கணக்காகவே இதைக் கொடுத்துவிடுவேன்.

ஏன் ஒவ்வொரு வருஷமும் தேதி மாறுகிறது? கிறிஸ்துமஸ் மாறுவதில்லையே?

ஈஸ்டர் நிலாவைப் பார்த்து நடக்கிறது. மார்ச் 21 அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமிக்கு அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். அதனால் அது மார்ச் 22 முதல் ஏப்ரல் 25 வரை எந்த ஞாயிறாகவும் இருக்கலாம். 2026-இல் சாம்பல் புதன் பிப்ரவரி 18, ஈஸ்டர் ஏப்ரல் 5. 2027-இல் பிப்ரவரி 10, மார்ச் 28.

இந்தக் கேள்வியைக் கேட்ட தாத்தா ஒருவர் இந்து. அவருக்கு விளக்க நான் சிரமப்படவே இல்லை. “உங்கள் சாஸ்தா கோவிலுக்குப் பங்குனி உத்திரம் எப்படி வருகிறது?” என்றேன். “பௌர்ணமியை ஒட்டித்தான்” என்றவர், தானே சிரித்துவிட்டார். பெரும்பாலான வருஷங்களில் குலதெய்வம் கும்பிடப் பிள்ளைகள் ஊருக்குப் போவதும் ஈஸ்டருக்கு முந்திய எங்கள் பரிசுத்த வாரமும் அருகருகே வருவது இதனால்தான். அந்த வாரம் வருகைப் பதிவேட்டைப் பார்த்து யாரையும் கோபிக்க முடியாது.

இந்தப் பக்கம் முழுக்க சி.எஸ்.ஐ. தானே? லுத்தரன் எங்கிருந்து வந்தது?

சொல்லப்போனால் லுத்தரன்தான் முதலில் வந்தது. 1785-இல் பாளையங்கோட்டையில் குளோரிந்தா அம்மையார் எழுப்பிய ஆலயத்துக்கும் சபைக்கும் துணை நின்ற சுவார்ட்ஸ் ஐயர் (குருவானவரை நாங்கள் ஐயர் என்போம்) ஜெர்மானிய லுத்தரன் குருவானவர். அந்தச் சபையைப் பார்க்க அனுப்பப்பட்ட சத்தியநாதன் 1790-இல் தஞ்சையில் குருப்பட்டம் பெற்றதும் லுத்தரன் முறைப்படிதான். 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்து ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் வைத்த ரேனியஸ் ஐயரும் பெர்லினில் குருப்பட்டம் பெற்ற லுத்தரன். ஆனால் அவரை அனுப்பியது ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) சங்கம். உபதேசிமாருக்கு (சபைகளில் போதிக்கும் உள்ளூர் ஊழியர்கள்) யார் எந்த முறையில் பட்டம் கொடுப்பது என்பதில் சச்சரவு முற்றி, 1835-இல் அவர் அந்தச் சங்கத்தை விட்டு விலக வேண்டியதாயிற்று. 1838-இல் இங்கேயே இறந்தார். கல்லறை பாளையங்கோட்டையில் இருக்கிறது.

பிறகு திருநெல்வேலிச் சபைகள் ஆங்கிலிக்கன் வழியில் போய், 1947-இல் சி.எஸ்.ஐ. ஆயின. லுத்தரன்கள் அந்த இணைப்பில் சேரவில்லை. தரங்கம்பாடி வழி வந்தவர்கள் 1919 முதல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையாக இருக்கிறார்கள். தெற்கே 1907-இல் நாகர்கோவிலுக்கு வந்த அமெரிக்க மிசோரி மிஷன் வழி வந்தது இந்திய சுவிசேஷ லுத்தரன் திருச்சபை. இன்றைக்கு ஒரே தெருவில் அண்ணன் சி.எஸ்.ஐ., தம்பி லுத்தரன் என்று இருப்பார்கள். கிறிஸ்துமஸ் முறுக்கு இரண்டு வீட்டுக்கும் போகும்.

நாங்கள் வேதக்காரர் இல்லை. என் மகளும் லெந்து ஜெபத்தில் உட்காரத்தான் வேண்டுமா?

வேண்டியதில்லை. இது நான் பெருந்தன்மையாகச் சொல்வது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், சட்டம். அரசு உதவி பெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதம் இல்லாமல் ஒரு பிள்ளையை வழிபாட்டிலோ மத போதனையிலோ கலந்துகொள்ள வைக்கக் கூடாது என்று அரசியலமைப்பின் 28-ஆம் உறுப்பு, மூன்றாம் உட்பிரிவு சொல்கிறது. வாயால் சொன்னால் போதும். எழுதிக் கொடுத்தால் இன்னும் நல்லது. அந்த நேரத்தில் உங்கள் மகள் நூலக அலமாரிக்குப் பக்கத்தில் கதைப் புத்தகம் படிக்கலாம், ஒரு டீச்சர் கூட இருப்பார்.

நடைமுறையில் என்ன நடக்கிறது என்றால், பாட்டுச் சத்தம் கேட்டதும் அந்தப் பிள்ளைகள் தாங்களே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்துவிடுகிறார்கள். நீங்கள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நான் எழுப்பி அனுப்பிவிடுவேன். அப்படிச் செய்ய எனக்கு மனம் வராதுதான், இருந்தாலும் செய்வேன்.

பள்ளிக்கூடத்தில் லெந்துக்கென்று என்னதான் நடக்கும்?

வெளியிலிருந்து பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. காலை வணக்கக் கூட்டத்துக்குப் பிறகு பத்து நிமிடம் கூடுதலாக உட்காருவோம். நான்கு சுவிசேஷங்களில் உள்ள பாடுகளின் சரித்திரத்தை ஒரே கோவையாக்கி, பகுதி பகுதியாக வாசிப்பது ஜெர்மானிய லுத்தரன்களிடமிருந்து வந்த பழைய வழக்கம். கோவிலில் புதன் மாலை ஆராதனையில் ஐயர் வாசிப்பதை, பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் முறை வைத்து வாசிப்பார்கள். ‘பிரதான ஆசாரியன்’ என்ற சொல்லை உடைக்காமல் வாசித்தவனுக்கு அன்று தனி மதிப்பு.

பாட்டு இரண்டு வகை. ஜெர்மன் மெட்டில் நீட்டிப் பாடும் ஞானப்பாட்டு ஒன்று, நம் ராகத்தில் கீர்த்தனை ஒன்று. கீர்த்தனைகளைப் பாடிவைத்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் பிறந்தது திருநெல்வேலியில், 1774-இல்; அதைச் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். கோவிலில் பீடத்துணி ஊதாவாகும், ‘அல்லேலூயா’ பாடுவதை நிறுத்திவைப்போம். ஈஸ்டர் அன்று அது திரும்ப வரும்போது கூரை பெயர்ந்துவிடும் அளவுக்குக் கத்துவார்கள்.

சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பல் பூசி அனுப்புவீர்களா?

எங்கள் சபையில் பூசும் வழக்கம் இல்லை, பள்ளியிலும் இல்லை. அன்று வாசிக்கும் மத்தேயு ஆறாம் அதிகாரமே “உபவாசிக்கும்போது முகத்தைக் கழுவு” என்றுதான் சொல்கிறது. பூசுகிற சபைகளைக் குறை சொல்லவில்லை. அன்று அரசு விடுமுறை இல்லை, வகுப்பு உண்டு.

சத்துணவு முட்டையை லெந்தில் பிள்ளை சாப்பிடலாமா? ஆச்சி கூடாது என்கிறார்கள்.

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். இதற்குப் பின்னால் ஒரு கதையும் உண்டு. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன், ஆச்சி சொல்லைத் தட்டவும் முடியாமல், முட்டையை வேண்டாம் என்று சொல்லவும் வெட்கப்பட்டு, வாங்கி வாங்கி ஜியாமெட்ரி பெட்டியில் வைத்திருந்தான். திங்கள், செவ்வாய் ஒன்றும் தெரியவில்லை. புதன்கிழமை அந்த வகுப்பை நாங்கள் மரத்தடியில் நடத்த வேண்டியதாயிற்று.

லுத்தரன் போதனைப்படி உணவில் தடை கிடையாது. 1530-இல் லுத்தரன்கள் பேரரசர் முன்னால் வைத்த ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கையில் 26-ஆம் பிரிவு முழுவதுமே உணவு வேறுபாட்டைப் பற்றியது. இன்னதைத் தின்றால் பாவம், தின்னாவிட்டால் புண்ணியம் என்று சம்பாதிக்க முடியாது என்பது அதன் சாரம். அதே சமயம், வீட்டில் கறி மீன் ஒழித்து இருப்பது ஆச்சியின் பக்தி. அதையும் நாங்கள் கேலி செய்ய மாட்டோம். வீட்டில் வேண்டாம் என்று முடிவு செய்தால் சொல்லிவிடுங்கள். முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுக்க ஏற்பாடு இருக்கிறது. ஆனால் முடிவை எட்டு வயதுப் பிள்ளையின் தலையில் கட்டாதீர்கள். பெட்டிக்குள்தான் போகும்.

அப்படியானால் பிள்ளை உபவாசம் இருக்கவே கூடாதா? என் மகள் தானாகக் கேட்கிறாள்.

வெறும் வயிற்றோடு வகுப்பில் உட்கார வைக்க நாங்கள் சம்மதிக்க மாட்டோம். உபவாசத்தில் கண்டிப்பான கத்தோலிக்கத் திருச்சபையே பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கு அதைக் கடமையாக்கவில்லை. இறைச்சி ஒழிப்புகூடப் பதினான்கு நிரம்பிய பிறகுதான். நாம் ஏன் ஒன்றாம் வகுப்பில் தொடங்க வேண்டும்? கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும் 2024 ஜூலை 15 முதல் காலை உணவுத் திட்டம் வந்திருக்கிறது. அதற்கு முன்பு எத்தனை பிள்ளைகள் வருஷம் முழுக்கக் காலையில் உபவாசம் இருந்தார்கள் என்பது பாடம் நடத்திய எங்களுக்குத் தெரியும்.

மகளின் ஆசையை அணைக்கவும் வேண்டாம். லுத்தர் தம்முடைய ‘சிறிய ஞானோபதேசம்’ என்ற போதனை நூலில் உபவாசத்தை நல்ல புற ஒழுக்கம் என்றே சொல்கிறார். அதனால் ஒருவர் பாத்திரவான் (தகுதியுள்ளவர்) ஆவதில்லை, விசுவாசத்தினால்தான் என்று உடனே சேர்த்தும் சொல்கிறார். மாலையில் பலகாரம் ஒன்றைக் குறைத்து, அதைப் பக்கத்து வீட்டுப் பாட்டிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லுங்கள். அவள் வயதுக்கு அது போதும்.

எதையாவது ‘விட’ வேண்டுமாமே? என் பையன் எதை விடுவது?

கட்டாயம் இல்லை (முட்டைக்குச் சொன்ன பதில் இதற்கும்தான்). விரும்பினால் அவனே தேர்ந்தெடுக்கட்டும். ஒரு வருஷம் கரும்பலகையில் எழுதிப் போட்டோம். மிட்டாய், டி.வி., கைப்பேசி விளையாட்டு என்று வந்தது. ஒருவன் “சண்டை” என்று எழுதினான். பதினொரு மணி இடைவேளைவரை தாக்குப்பிடித்தான். அதோடு கரும்பலகையில் எழுதுவதை நிறுத்திவிட்டோம். விட்டவன் யார், தவறியவன் யார் என்று மற்றப் பிள்ளைகள் காவல் காக்கத் தொடங்கிவிட்டார்கள். இப்போது சீட்டில் எழுதி மடித்து அவரவர் வேதப் புத்தகத்திலோ நோட்டிலோ வைத்துக்கொள்கிறார்கள். நான் பார்ப்பதில்லை.

லெந்து காணிக்கை உறை கொடுத்து அனுப்பினீர்கள். எவ்வளவு போட வேண்டும்?

அந்த உறை ஓய்வுநாள் பள்ளியில் (கோவிலில் நடக்கும் ஞாயிறு வேதபாட வகுப்பு) கொடுத்தது, சபைப் பிள்ளைகளுக்கு மட்டும். பள்ளிக்கூடத்தில் நாங்கள் பணம் வாங்குவதில்லை, வாங்கவும் கூடாது. தவறிப் பையில் வந்திருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

பணம் வேண்டாம், எதையாவது செய்ய ஆசை என்கிறவர்களுக்கு ஒரு வழி: நம் ஊர்ப் பெண்கள் பல தலைமுறையாகச் செய்துவரும் கைப்பிடி அரிசி. உலையில் போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைப்பது. சேர்ந்ததைப் பெரிய வெள்ளி (புனித வெள்ளி) அன்று கோவிலில் கொடுத்தால் கஞ்சிக்கு ஆகும். இதில் மதம் பார்க்காமல் கொடுக்கிறவர்கள் எங்கள் தெருவில் உண்டு.

லெந்தில் பிறந்தநாள் வருகிறது. புதுச் சட்டை போட்டு மிட்டாய் கொடுக்கலாமா?

தாராளமாக. பிறந்தநாளைத் தள்ளிவைக்க முடியுமா? இந்த நாட்களில் கல்யாணம் நடத்துவதில்லை என்பது சபையின் ஒழுங்கு. ஏழு வயதுப் பிள்ளையின் மிட்டாய்க்கு அது பொருந்தாது. மிட்டாயை ‘விட்ட’ பிள்ளைகள் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொள்வார்கள். ஞாயிறு கணக்கில் சேராது என்று அவர்களுக்குத்தான் நான் சொல்லிக்கொடுத்துவிட்டேனே.

பள்ளி ஆண்டு விழாவை லெந்தில் வைக்கலாமா? மூப்பர்கள் வேண்டாம் என்கிறார்களாம்.

இதில் எங்கள் ஊரே இரண்டு கட்சி. ஏப்ரலில் ஆண்டுத் தேர்வு. ஜனவரியில் பொங்கல் விடுமுறை. நடுவில் கிடைக்கும் நாட்கள் பெரும்பாலும் லெந்துக்குள் விழுகின்றன. 2027-இல் பொங்கலுக்கும் சாம்பல் புதனுக்கும் நடுவில் மூன்று வாரம் சொச்சம்தான் இருக்கும். அதற்குள் ஒத்திகை, உடை, பந்தல், தலைமை விருந்தினர். மூப்பர்கள், அதாவது சபைப் பெரியவர்கள், சொல்வதிலும் நியாயம் உண்டு. காலையில் பாடுகளின் சரித்திரம் வாசித்துவிட்டு, மாலையில் ஒலிபெருக்கியில் குத்துப் பாட்டு போட்டால் பிள்ளை எதை நம்பும்?

முடிந்தவரை சாம்பல் புதனுக்கு முன்பே முடிக்கிறோம். முடியாத ஒரு வருஷம் சினிமாப் பாட்டு இல்லாமல் கோலாட்டமும் வில்லுப்பாட்டும் வைத்தோம். வில்லுப்பாட்டுக்கு யோசேப்பின் கதை. சகோதரர்கள் அவனைக் குழியில் போடும் இடத்தில் குடம் அடித்த பையன் ஆவேசத்தில் குடத்தை உடைத்துவிட்டான். எதிர்த்த மூப்பர்தான் மறுநாள் புதுக் குடம் வாங்கி அனுப்பினார். என் கருத்தைக் கேட்டால், தடை என்று எந்த வசனமும் இல்லை. எதை ஆடுகிறோம் என்பதைப் பார்த்து முடிவு செய்தால் போதும்.

ரமலான் நோன்பும் லெந்தும் சேர்ந்து வந்தால் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

2026-இல் அப்படித்தான் வந்தது. சாம்பல் புதனும் ரமலான் பிறையும் ஒரே வாரம். ஏர்வாடிப் பக்கமிருந்து வரும் பிள்ளைகள் சிலர் அரை நோன்பு பிடிப்பதுண்டு. சமாளிக்க ஒன்றும் இல்லை. விளையாட்டு வகுப்பில் வெயிலில் ஓட விடுவதில்லை. தலை சுற்றினால் தண்ணீர் கொடுத்து வீட்டுக்குச் சொல்லி அனுப்புவோம். உபவாசத்துக்குச் சொன்ன அதே அக்கறைதான்.

குருத்தோலை கொண்டுவரச் சொன்னீர்கள். தென்னையா, பனையா?

ஈஸ்டருக்கு முந்திய ஞாயிறு நடக்கும் குருத்தோலைப் பவனிக்குத்தான், கிடைப்பது எதுவானாலும் சரி. வேதத்தில் வருவது பேரீச்ச ஓலை. நம் பக்கம் பனை. நன்றாக விரியும், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் சிலுவையும் கிளியும் முடைவதற்கும் தோதானது.

ஒரு வேண்டுகோள். நடுக்குருத்தை வெட்டினால் மரம் முடங்கிப்போகும். பனையேறித் தெரிந்தவர்களிடம் சொல்லி, ஒரு வடலியில் (இளம் பனையில்) ஒன்றுக்கு மேல் எடுக்காமல் வாங்குங்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு ஓலை போதும். தெருவுக்கு ஒரு கட்டு என்று போட்டிபோட வேண்டாம். பவனி முடிந்ததும் தெருவில் போடாமல் வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

பெரிய வெள்ளி லீவுதானே? மும்மணி ஆராதனைக்குப் பிள்ளை முழுக்க இருக்க வேண்டுமா?

அரசு விடுமுறைதான். பகல் பன்னிரண்டு முதல் மூன்றுவரை இயேசு சிலுவையில் சொன்ன ஏழு திருவார்த்தைகளையும் தியானிப்பது பெரியவர்களுக்கே நீளம், அதுவும் ஏப்ரல் வெயிலில். இரண்டு வார்த்தைவரை இருந்துவிட்டு வெளியே வேப்பமரத்தடிக்குப் போகலாம். கோவில்பிள்ளை (கோவில் பணியாளர்) விரட்ட மாட்டார், சொல்லிவைத்திருக்கிறோம். மூன்று மணிக்குச் சிறுபயறுக் கஞ்சியும் காணத் துவையலும் உண்டு. மேலே சொன்ன கைப்பிடி அரிசி அங்கேதான் வந்து சேர்கிறது.

சிலுவைக் கதையைக் கேட்டு என் சின்னவள் இரவில் அழுகிறாள். இதையெல்லாம் சொல்ல வேண்டுமா?

அழுதது என் தவறாகவும் இருக்கலாம். ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு ஆணி, ஈட்டி, வாரடி எதையும் விவரிப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். பந்தி, தோட்டம், பேதுருவும் சேவலும், கல்லறைக்கு விடியற்காலையில் போன பெண்கள் என்று கதை நகரும். ஆனால் பெரிய பிள்ளைகளோடு சேர்ந்து உட்காரும்போது காதில் விழுந்துவிடுகிறது. வீட்டில் கேட்டால் மறைக்காமல், ஈஸ்டர் காலைவரை கதையைச் சொல்லி முடித்துவிடுங்கள். பாதியில் நிறுத்தினால்தான் தூக்கம் கெடும்.

யூதர்கள்தானே இயேசுவைக் கொன்றார்கள்? பையன் அப்படிச் சொல்கிறான்.

நாங்கள் அப்படிக் கற்பிப்பதில்லை. கோவிலில் நாங்கள் சொல்லும் விசுவாசப் பிரமாணத்தில் பெயர் சொல்லியிருப்பது பொந்தியு பிலாத்துவை, அவன் ரோம அதிகாரி. இயேசுவும் யூதர், மரியாளும் யூதர், அழுதுகொண்டு பின்னால் போனவர்களும் யூதர்கள். லுத்தரன் பள்ளி என்பதால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: 1543-இல் லுத்தர் யூதர்களுக்கு எதிராக மிகக் கொடுமையாக எழுதினார். பிற்காலத்தில் பல லுத்தரன் திருச்சபைகள் அதை வெளிப்படையாகத் தள்ளிவிட்டன. ஒரு சாதியையோ இனத்தையோ மொத்தமாகக் குற்றவாளி ஆக்கினால் என்ன ஆகும் என்பது நம் மாவட்டத்துப் பிள்ளைக்குப் புரியாத விஷயம் இல்லை. பையனை என்னிடம் அனுப்புங்கள், பேசுகிறேன்.

ஈஸ்டர் விடியற்காலையில் கல்லறைத் தோட்டத்துக்குச் சின்னப் பிள்ளையைக் கூட்டிவரலாமா? பயப்பட மாட்டாளா?

கூட்டிவாருங்கள். இதுவரை பயந்து அழுத பிள்ளையை நான் பார்த்ததில்லை. தூங்கி விழுந்தவர்கள் உண்டு. நான்கு மணிக்குக் கோவில் மணி அடிக்கும். எல்லாக் கல்லறையிலும் மெழுகுவர்த்தி இருக்கும், தாத்தாவின் பெயரைப் பிள்ளை எழுத்துக்கூட்டி வாசிக்கும், அல்லேலூயா அங்கேதான் திரும்பத் தொடங்கும். மேலே சிலுவைக் கதை கேட்டு அழுத சின்னவளைக் கட்டாயம் கூட்டிவர வேண்டும். மெழுகு கையில் சொட்டாமல் இருக்க வர்த்தியைக் காகிதக் கோப்பையில் செருகிக் கொடுங்கள். செருப்பு மறக்க வேண்டாம். வடக்குச் சுவர் ஓரம் முழுக்க நெருஞ்சி.